அறுபத்திநாலுன்னுதான போட்டிருக்கு

அண்ணாச்சி, அந்தப் பையில கால வச்சிராதீங்க. உள்ள லேப்டாப் இருக்கு. இல்ல இல்ல, மேல கம்பியில வைக்க வேண்டாம், இவன் பிரேக் போடுத போடுக்குத் தூக்கி எறிஞ்சிரும். குடுங்க, மடியிலயே வச்சிக்கிடுதேன். மாசக்கணக்கா இதத்தான் சொமந்துகிட்டுத் திரியுதேன், இன்னும் கொஞ்ச நேரம் சொமந்தா ஒண்ணும் கொறஞ்சிராது.

நீங்க திருச்செந்தூர் வரைக்குமா? நல்லது. நான் நடுவுலயே எறங்கிருவேன். கானங்காடு விலக்கு. அங்கன இருந்து ஆட்டோ வச்சி சாஸ்தா கோயிலுக்குப் போகணும். இன்னைக்கு என் தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து. நான் தாய்மாமன். என் மடியில வச்சித்தான் குத்தணும். இந்தா, சட்டைப் பையில கம்மல் இருக்கு.

யோவ் கண்டக்டர், கானங்காடு விலக்கு ஒண்ணு. வந்தா சத்தம் குடும், என்ன? மறந்துரப்படாது.

ஒன்பது மணிக்குள்ள நல்ல நேரம் முடியுது. ஆமா, கிட்டத்துலதான் வந்துட்டு. வேணும்னேதான் இந்த வண்டிக்கு ஏறினேன். மொத ஆளாப் போயி நின்னா என்ன மதிப்பு? எல்லாரும் மாமன் எங்க, மாமன் எங்கன்னு தேடணும். தேடட்டும். அவங்க செஞ்ச காரியத்துக்கு நான் போறதே பெரிசு.

கேளுங்க இந்த அநியாயத்த. தாய்மாமன எப்படி அழைக்கணும்? ஊருக்குள்ள ஒருத்தனுக்கும் சொல்லுததுக்கு முந்தி, தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழம் வச்சி, புருசனும் பொண்டாட்டியுமா வீட்டுக்கு வந்து கையில குடுக்கணும். அதுதான முறை? வந்தாங்க. வரலன்னு சொல்லல. வந்து என் வீட்டுக்காரி கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் மொட்டைமாடியில இருந்தேன். எங்க வீட்டுக்காரிகிட்ட, நான் இல்லன்னு சொல்லுன்னு சொல்லிட்டுத்தான் ஏறினேன். இருந்தாலும் செருப்பு வாசல்ல கெடக்குல்லா? செருப்பப் பாத்தாவது, அண்ணன் மேலதான் இருக்கான்னு நாலு படி ஏறி வரப்படாதா? கூடப்பிறந்தவளுக்கு என் செருப்பு தெரியாதா? அன்னைக்கே நெனச்சேன், இனி அந்த வாசப்படி மிதிக்கப்படாதுன்னு.

எதுக்கு மாடிக்குப் போனேன்னா கேக்கீக? இந்த சவத்தாலதான். இந்தப் பைக்குள்ள இருக்கே, இதாலதான். இது இன்னும் சரியாகாம இருந்தது. அரைகொற வேலைய வச்சிகிட்டு அவங்க மொகத்துல முழிக்க எனக்கு இஷ்டமில்ல.

என் தங்கச்சி பேரு பிரம்மசக்தி. படிச்சவ. வீட்டுல இருந்தபடியே கம்ப்யூட்டர்ல பாடம் எடுக்கா. கனடா, சிங்கப்பூர்னு இருக்கே, அங்கன உள்ள நம்ம பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கா. அவ மாப்பிள்ளை சுயம்புலிங்கம் வாயில்லாப் பூச்சி. ஆனா அவருக்கு ஒரு தம்பி இருக்கான் பாருங்க, பெங்களூர்ல. அவன்தான் இந்த லேப்டாப்ப வாங்கிக் குடுத்தது. எங்க குடும்பத்துல யாரு கம்ப்யூட்டர் வாங்கினாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வாங்குவாங்க. நான் பாலிடெக்னிக்ல லேப் பாக்கிறவன். ராஜலிங்கம்னா எங்க ஏரியாவுல தெரியாத ஆளு கிடையாது. இவன் கேக்கல. பொட்டியோட கொண்டுவந்து எறக்கிட்டான், மதினிக்கு அன்பளிப்பாம்.

போகட்டும். ஒருநா இவ போன்ல சொல்லுதா, அண்ணே, பாடம் எடுத்துகிட்டு இருக்கும்போது அப்டேட்டுன்னு வந்து நின்னுபோவுதுன்னு. ஒரே ஒரு தடவ சொன்னா. நான் விடுவனா? அடுத்த ஞாயித்துக்கிழமையே பென்டிரைவோட போயி நின்னுட்டேன். லினக்ஸ் போட்டுருவோம்னேன்.

லினக்ஸ்னா, கம்ப்யூட்டர ஓட்டுத டிரைவர்னு வச்சிக்கோங்க. எல்லா வண்டியிலயும் விண்டோஸ்னு ஒரு டிரைவரோடதான் விப்பாங்க. லினக்ஸ் யாரும் சும்மா எடுத்துப் போட்டுக்கிடலாம். இதுவரைக்கும் நான் போடாத வீடு கிடையாது. போஸ்ட் மாஸ்டர் வீட்டுல போட்டிருக்கேன், பள்ளிவாசல் ஆபீஸ்ல போட்டிருக்கேன், எங்க பிரின்சிபாலுக்கு அவரு லீவுல போயிருக்கும்போதே போட்டிருக்கேன்.

சக்தி வேண்டாம்னுதான் சொன்னா. அண்ணே, நல்லாத்தான ஓடுது, சின்ன தொந்தரவுதானன்னா. பொறவு சொல்லுதா, "அண்ணே, இது மத்த லேப்டாப் மாதிரி இல்லையாம். போன்ல இருக்க மாதிரி சில்லு போட்டிருக்காம். அவுக தம்பி சொன்னாவ. அதான் சார்ஜ் நாள்பூரா நிக்காம்." அவன் பேர எடுத்தாளா, எனக்கு உச்சியில ஏறிட்டு. நீ போயி காப்பி போடுன்னேன். எனக்குப் பாடம் நடத்துதா! அ, ஆ சொல்லிக் குடுக்கவ எனக்கு சில்லு சொல்லிக் குடுக்கா!

பென்டிரைவ சொருகுதேன். ஆன் பண்ணுதேன். அது ஒரு நொடி யோசிக்கு. யோசிச்சிட்டு நேரா விண்டோஸுக்குப் போயிருது. திரும்ப அணைச்சி திரும்பப் போட்டேன். அதே கதை. பாதுகாப்புப் பூட்டுன்னு ஒண்ணு இருக்கும், அத நீக்கினேன். அடுத்த ஓட்டையில சொருகினேன். பென்டிரைவ அழிச்சி புதுசா எழுதினேன். வேற பென்டிரைவ். ஒண்ணும் நடக்கல. அப்படி ஒரு பென்டிரைவ் இருக்கதாவே அது காட்டிக்கிடல அண்ணாச்சி. வாசல்ல நிக்க ஆளப் பாத்தும் பாக்காத மாதிரி உள்ள போறாங்க பாருங்க, அந்த மாதிரி.

பின்ன, எனக்கு வேர்த்து ஊத்துது. தோள்ல கெடந்த துண்ட எடுத்துத் தொடைச்சித் தொடைச்சி நாற்காலியில போடுதேன். செவப்புக் கரை போட்ட துண்டு, ஒரு மூலையில லேப்ல ஈயம் பத்தவைக்க கம்பி சூடு பட்டு ஓட்டை. நல்ல துண்டு. இன்னைக்கு வரைக்கும் அத அவ திருப்பித் தரல. கடைசியா போனப்ப அங்கனயே மறந்துட்டு வந்துட்டேன். ஒரு ஆள் கையில குடுத்து விடலாம்லா? ஒரு துண்டுக்குக் கூட மரியாதை இல்லாமப் போச்சி பாருங்க.

காப்பியோட அந்த அட்டைப்பொட்டியையும் தூக்கிட்டு வாரா. "அண்ணே, இதுல என்னமோ போட்டிருக்கு, பாரு"ன்னா. பொட்டியில ஆயிரம் போட்டிருப்பான், வெயில்ல வைக்காதே, தண்ணியில நனைக்காதேன்னு. அதையெல்லாமா வாசிச்சிட்டு இருக்க முடியும்? தூர வைன்னுட்டேன். பொறவு அவளே செட்டிங்க்ஸத் தொறந்து காட்டுதா. அங்கன எழுதியிருக்கு, அறுபத்திநாலு பிட், ஆர்ம் புராசஸர்னு. நான் கேட்டேன், "அறுபத்திநாலுன்னு போட்டிருக்கா?" "போட்டிருக்கு." "என் பென்டிரைவ்லயும் அறுபத்திநாலுதான். அம்புட்டுத்தான் விஷயம். பேசாம இரு." என்ன தப்பு நான் கேட்டதுல? நீங்களே சொல்லுங்க. முப்பத்திரண்டு இருக்கு, அறுபத்திநாலு இருக்கு. அதப் பாத்துதான காலங்காலமா போடுதோம்? பின்னால ஒட்டிகிட்டு இருக்க மூணு எழுத்தையா பாப்பாங்க?

இருங்க, போன் அடிக்கு. சக்திதான். தேட ஆரம்பிச்சாச்சு. கட் பண்ணிருதேன். பஸ்ஸுக்குள்ள பேசினா ஒண்ணும் கேக்காது.

எங்க விட்டேன்? ஆங். மறுநா அதே பென்டிரைவ எங்க லேப்ல போட்டுப் பாத்தேன். எல்லா மிசின்லயும் ஜம்முனு வருது. அப்போ கோளாறு எங்க? இந்த லேப்டாப்புலதான? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்லா இருக்கு! திரும்பப் போனேன். யோசிச்சேன். பழைய குடித்தனக்காரன் வீட்டுக்குள்ள இருக்க வரைக்கும் புதுசா வாரவனுக்கு எவன் கதவத் தொறப்பான்? விண்டோஸ் உள்ள இருக்கதாலதான அதுக்கு ஓடுது? அவன வெளியேத்து. மொத்தத்தையும் அழிச்சிட்டா, போக்கிடம் இல்லாம பென்டிரைவுக்குத்தான வந்தாகணும்? இந்த யோசனை எத்தன பேருக்கு வரும், சொல்லுங்க.

அப்பவும் நான் முறையாத்தான் செஞ்சேன். என்னல்லாம் காப்பி எடுக்கணும்னு கேட்டேன். "எல்லாம் அதுலயே இருக்கு அண்ணே"ன்னா. டாக்குமென்ட்ஸ்னு இருக்க பெட்டிய அப்படியே காப்பி எடுத்து பத்திரமா வச்சேன். பின்ன அழிச்சேன். சுத்தமா. தொடைச்சி விட்ட பலகை மாதிரி ஆயிட்டு. இவ வச்சிருந்த சாமான்லாம் டெஸ்க்டாப்புல இருந்திருக்கு. யாராவது பண்டபாத்திரத்த முத்தத்துல வைப்பாங்களா? உள்ள இத்தன அறை இருக்கும்போது? அது அவ தப்பு. அதுக்கு நான் என்ன செய்வேன்?

என்ன பெரிய சாமான்? அ-னாவுக்கு அணில் படம், ஆ-னாவுக்கு ஆடு படம். ஒவ்வொரு எழுத்துக்கும் அவளே உக்காந்து வரைஞ்சி, அவளே பாட்டு எழுதி, அவளே பாடிப் பதிஞ்சி வச்சிருந்தாளாம். வயித்துல பிள்ளைய வச்சிகிட்டு உக்காந்து செஞ்சதாம். ஒப்பாரி வைக்கா அண்ணாச்சி. அணிலுக்கும் ஆட்டுக்கும் ஒரு அழுகை! நான் சொன்னேன், "இன்னொரு அணில் வரைஞ்சிட்டுப் போ. அணிலுக்கு என்ன பஞ்சம் நாட்டுல?" அந்த ஒரு வார்த்தைக்கு என்னப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. மாப்பிள்ளை வாயே தொறக்காத மனுசன், அவரு சொல்லுதாரு, "அத்தான், போதும். அப்படியே குடுத்துருங்க. கடையில குடுத்து பழையபடி ஆக்கிக்கிடுதோம்." கடையில! நான் தொட்ட மிசின எவனோ ஒரு கடைக்காரன் தொட்டு சரி பண்ணுவானாம். அன்னைக்குத்தான் லேப்டாப்ப எடுத்துப் பையில போட்டுகிட்டு, சரியாக்காம இந்த வீட்டுக்குள்ள கால வைக்க மாட்டேன்னுட்டு எறங்கினேன். அந்த வேகத்துலதான் துண்ட மறந்தது.

என்னய்யா சத்தம் அங்கன? வண்டிய ஏன் நிறுத்திப் போட்டிருக்கான்? எறங்குதவன் எறங்க வேண்டியதுதான, அதுக்கு எத்தன விசிலு? எவனோ தூங்குதான் போல. நேரத்தோட அருமை தெரியாத ஜனங்க அண்ணாச்சி. என்ன, ஜன்னலக் காட்டுதீக? ஆமா, நல்ல வெயிலுதான். திரைய இழுத்து விட்டுக்கோங்க. இருங்க, முக்கியமான கட்டத்துக்கு வந்துட்டேன், இத மட்டும் சொல்லிருதேன்.

ஆங், கெளம்பிட்டான்.

வீட்டுக்கு வந்து ஆன் பண்ணினா கருப்பு. ஓட்டுததுக்கு ஒண்ணுமே இல்லன்னு ஒரு வரி. விண்டோஸும் இல்ல, லினக்ஸும் இல்ல. அப்பக்கூட அது பென்டிரைவுக்கு வரல! பட்டினி கெடந்து சாவேனே தவிர உன் கையால சாப்பிட மாட்டேங்குது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு திமிரப் பாத்ததில்ல.

நாங்க ஒரு குழு வச்சிருந்தோம், லினக்ஸ்காரங்க குழு. நான் ஆரம்பிச்சதுதான். அதுல கேட்டேன். ஒருத்தன் எழுதுதான், "சார், அது ஆர்ம் வகை. நீங்க போடுதது சாதாரண கம்ப்யூட்டர் வகைக்கு உள்ளது. ரெண்டும் அறுபத்திநாலுதான், ஆனா பாஷை வேற. மீட்டர்கேஜ் தண்டவாளத்துல பிராட்கேஜ் ரயில ஏத்துத மாதிரி." எனக்கு ரயில் கதை சொல்லுதான்! அடுத்து ஒருத்தன், "இது தெரியாமலா சார் மொத்தத்தையும் அழிச்சீங்க?"ன்னு கேட்டு, சிரிக்க பொம்ம ஒண்ணு போட்டிருக்கான். அந்தக் குழுவ விட்டே வெளிய வந்துட்டேன். நான் உண்டாக்கின குழு!

சக்திகிட்ட போன்ல கேட்டேன், இது ஆர்ம் வகைன்னு ஏன் எங்கிட்ட சொல்லலன்னு. "மூணு தடவ சொன்னேனே அண்ணே"ங்கா. சொன்னாளாம். சொல்லுத முறையா அது? கேக்கவன் காதுல விழுத மாதிரி சொல்லணும்லா? ஒருத்தன் மும்முரமா வேலை பாக்கும்போது பின்னால நின்னு மொணமொணன்னா அதுக்குப் பேரு சொல்லுததா?

திரும்ப அடிக்கா பாருங்க. அடிக்கட்டும். இன்னும் ரெண்டு தடவ அடிச்சாத்தான் அண்ணனோட அருமை தெரியும்.

ஆனா நான் விடல. அந்த வகைக்குத் தக்க லினக்ஸத் தேடி எடுத்தேன். போட்டேன், தெரை கருப்பாவே நின்னுது. இந்த மாடலுக்குன்னு தனியா ஒரு பைலு வைக்கணும்னு கண்டுபிடிச்சி வச்சேன். தெரை வந்தது, கீபோர்டு வரல. வெளிய ஒரு கீபோர்டு மாட்டி அதையும் சரி பண்ணினேன். லீவு போட்டு உக்காந்தேன் அண்ணாச்சி. சாப்பாடு தூக்கம் பாக்கல. எங்க வீட்டுக்காரி, "பிள்ளைக்கு சட்டை எடுக்கப் போகணும், எந்திரிங்க"ன்னு தலைப்பாடா அடிச்சிகிட்டா. பேசாம அவளே போயி எடுத்துட்டு, நேத்தே கோயிலுக்குப் போயி அவங்க பக்கம் சேந்துட்டா. துரோகி.

நேத்து சாயந்திரம் வந்துட்டு. லினக்ஸ் வந்துட்டு! இந்தா, தொறந்து காட்டுதேன். தெரியுதா? பாருங்க, எம்புட்டு அழகா நிக்கி. வெயில் அடிக்கு, கொஞ்சம் இப்படிச் சாஞ்சி பாருங்க. இதக் கொண்டுபோயி எல்லாருக்கும் முன்னால, அந்தப் பெங்களூர்க்காரனுக்கும் முன்னால, அவ கையில குடுக்கப் போறேன். பாத்துக்கோ, அண்ணன் சொன்னாச் செய்வான்னு. பொறவுதான் பிள்ளைய மடியில வாங்குவேன்.

என்ன கேக்கீக? பாடம் எடுக்கலாமான்னா? எடுக்கலாம். கேமரா மட்டும் வராது. சத்தமும் இப்போதைக்கு வராது. வைஃபை பிடிக்காது, அதுக்கு இன்னும் ஆளுக எழுதிகிட்டு இருக்காங்க. அதெல்லாம் சின்ன விஷயம். அவகிட்ட இருந்த பிள்ளைகதான் வேற டீச்சர்கிட்ட போயிட்டுகளாம், இப்ப என்ன அவசரம்?

என்ன அண்ணாச்சி, இன்னும் ஜன்னலையே காட்டுதீக? சொல்லுங்களேன் வாயத் தொறந்து. என்னது? குரும்பூரா? குரும்பூர் எப்படி வரும், கானங்காடு வந்த பொறவுல்லா குரும்பூர்...

யோவ் கண்டக்டர்! கண்டக்டர்! கானங்காடு எங்கய்யா? போயிட்டா? எப்பய்யா போச்சி? ஒமக்கு என்ன சொன்னேன் ஏறும்போது? வந்தா சத்தம் குடும்னு சொன்னேன்லா? குடுத்தீரா? வண்டிய நிறுத்தி, ஊர்ப் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டீரா? அந்த விசிலு எனக்கா? எவனோ தூங்குதான்னு நான்... மனுசன் காதுல விழுத மாதிரி கூப்பிடணும்யா! கிட்ட வந்து தோளத் தட்டினா கொறஞ்சா போயிருவீரு?

நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? பக்கத்துலதான இருக்கீக? கானங்காடுன்னு மொதல்லயே சொன்னேன்லா ஒங்ககிட்ட? சொன்னீகளா? எப்ப சொன்னீக? ஜன்னலக் காட்டுனா, அதுக்குப் பேரு சொல்லுததா?

மணி என்ன? ஒன்பது தாண்டிட்டா? அப்போ முடிஞ்சிருக்கும். அவன் மடியிலதான் வச்சிருப்பாங்க, அந்தப் பெங்களூர்க்காரன் மடியில. எனக்குத் தெரியும். இதுக்குத்தான காத்துகிட்டு இருந்தாங்க எல்லாரும். தாய்மாமன் உயிரோட இருக்கும்போதே இன்னொருத்தன் மடி! நான் விட மாட்டேன். ஊரக் கூட்டுதேன். நிறுத்துய்யா வண்டிய, நான் எறங்கணும்.

இருங்க, போன்ல என்னமோ வந்து விழுது. போட்டோ அனுப்பிருக்கா. கொழுப்பப் பாத்தீகளா, போட்டோ எடுத்து வேற அனுப்புதா. நீங்களும் பாருங்க, சாட்சிக்கு. இந்தா, இவதான் சக்தி. அவளே சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. பிள்ள அவ மடியில. மொட்டையடிச்சி சந்தனம் பூசி, காதப் பிடிச்சிகிட்டு வாயெல்லாம் தொறந்து அழுவுது என் மருமவ. அந்தத் தம்பிக்காரன் ஓரமா நிக்கான். மடியில ஏதோ விரிச்சிருக்கா. கொஞ்சம் பெரிசாக்குதேன்.

செவப்புக் கரை. மூலையில ஓட்டை.

கீழ என்னமோ எழுதியிருக்கா. எனக்கு எழுத்து சரியாத் தெரியல, நீங்க வாசிங்க.

"அண்ணே, நேரம் முடியப் போவுதுன்னு பூசாரி அவசரப்படுத்திட்டாரு. ஒன் துண்டத் தொவச்சி எடுத்துட்டு வந்திருந்தேன். அத விரிச்சித்தான் பிள்ளைய வச்சிகிட்டேன். மாமன் மடிதான்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். மதினி இன்னும் சாப்பிடல, நானும் சாப்பிடல. லேப்டாப் சரியாகாட்டியும் பரவாயில்ல, நீ வா."

பாத்தீகளா அவ தைரியத்த? என் துண்டு அண்ணாச்சி அது. எங்கிட்ட கேட்டாளா? ஒரு வார்த்தை கேக்காம... என் துண்ட எடுத்து... அண்ணாச்சி, இந்த லேப்டாப்ப கொஞ்சம் பிடிங்க. எங்கனயாவது வைங்க, கீழ வேணும்னாலும் வைங்க, கால் பட்டாப் படட்டும். கண்ணாடியக் கழட்டணும். மொகத்தத் தொடைக்க ஒரு துண்டு கூட கையில இல்ல.